பொருளாராய்ச்சியும் பொருளில்லா மாணவரும்

திண்டுக்கல் நகரிலிருந்தும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் கலாசாலைக்குச் சென்று பௌதிகம், ரஸாயனம், பொறியியல் முதலிய சாஸ்திரங்களைப் பயிலும் வாலிபரும் யுவதிகளும் இன்று பலர். இது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் படிப்பு முடியுமுன் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சில வாரங்கள் தங்கி, தேர்ந்த அறிஞர் ஒருவரின் கீழ் வேலை பழகுவது என்று ஒன்று உண்டு. 'இன்டர்ன்ஷிப்' என்று அதை வழங்குகிறார்கள். ஆராய்ச்சித் துறையில் யார் புகுவார், யார் புகமாட்டார் என்பது பெரும்பாலும் அந்தச் சில வாரங்களிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. அந்த வாசல் நமது ஜில்லாவின் ஏழை மாணவனுக்குத் திறந்திருக்கிறதா? இல்லையென்றே சொல்லவேண்டியிருக்கிறது. மிகக் குறைந்த செலவில் திறக்கக்கூடிய சாஸ்திரம் ஒன்றிலும் அது சாத்தியே கிடப்பதுதான் இன்னும் வருந்தத்தக்கது. கணிப்பொறியின் துணைகொண்டு பொருள்களின் இயல்பை ஆராயும் சாஸ்திரத்தையே நாம் இங்குக் குறிப்பிடுகிறோம்.

இச்சாஸ்திரம் யாது? தாமிரம் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது, கண்ணாடி ஏன் கடத்துவதில்லை, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை, அணுக்களிலுள்ள எலெக்ட்ரான்களின் நடத்தையில் அடங்கியிருக்கிறது. அந்நடத்தைக்குரிய சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926-ல் வகுத்தார். எனினும் ஒரு குன்றிமணியளவு உலோகத்துக்குக்கூட அச்சமன்பாட்டை நேராகத் தீர்ப்பது மனிதராலும் ஆகாது, யந்திரத்தாலும் ஆகாது. எலெக்ட்ரான்களைத் தனித்தனியே பின்தொடர வேண்டுவதில்லை, அவை எவ்விடத்தில் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்று அறிந்தால் போதும் என்பதை 1964-ல் வால்டர் கோன் என்பவரும் ஹோஹன்பர்க் என்பவரும் நிரூபித்தனர். அதைக் கணக்கிடும் வழியை மறுவருஷமே கோனும் ஷாம் என்பவரும் வகுத்தனர். 1998-ல் கோனுக்கு ரஸாயனத்துக்கான நோபல் பரிசில் பாதி கிடைத்தது. நேயர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. கோனுக்குத் துணைநின்ற அவ்விருவரும் அக்காலத்தில் டாக்டர் பட்டம் பெற்றுச் சில வருஷங்களே ஆன, முப்பது வயதையொட்டிய வாலிபர். உலகெங்கும் இன்று பயன்படும் ஒரு முறையின் அஸ்திவாரத்தில் இரண்டு இளைஞரின் உழைப்பு கலந்திருக்கிறது. இளைஞரை வளர்ப்பது தருமமன்று. சாஸ்திரத்துக்கு அது வேர்நீர்.

மற்ற ஆராய்ச்சிகளுக்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளும், தூசி புகாத அறைகளும், அபூர்வமான திராவகங்களும் வேண்டும். வெளியூர்க் கலாசாலைகளில் அவை இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தச் சாஸ்திரத்துக்கு வேண்டுவன மூன்றே: கணிதத்தில் தேர்ச்சி, கணிப்பொறி, வழிகாட்டும் ஆசிரியர். இத்தாலியின் திரியெஸ்தே நகர விஞ்ஞானிகள் தொடங்கி வளர்த்த 'குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ' என்னும் நிரல் தொகுதியை எவரும் விலையின்றி எடுத்தாளலாம். சிறு கணக்குகளுக்கு மாணவனின் மடிக்கணினியே போதும். பெரிய கணக்குகளுக்கோ, நம்மிடமிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், தேசிய மீத்திறன் கணிப்பொறித் திட்டத்தின்கீழ் நிறுவப்பெற்ற யந்திரம் ஒன்று இருக்கிறது. 2022 மே மாதத்தில் அது திறந்துவைக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அதற்கு இட்ட பெயர் 'பரம் பொருள்'. வள்ளுவர் முப்பாலில் நடுப்பாலின் பெயரைத் தாங்கிய யந்திரம், பொருளில்லாத மாணவனுக்குப் பயன்படுமாயின் அப்பெயர் பின்னும் பொருத்தமாகும்.

"குடிநீருக்கும் வேலைக்கும் தவிக்கும் திண்டுக்கல்லுக்கு எலெக்ட்ரான் கணக்கு எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பதில் நமது ஊரின் தோல் பதனிடும் சாலைகளிலேயே இருக்கிறது. குரோமியம் கொண்டு தோல் பதனிடும் தொழில் நமது ஜனங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதுவே சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரையும் கெடுத்திருக்கிறது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். அந்தக் கொலாஜனின் மூன்று புரி கொண்ட முறுக்கமைப்பை உலகுக்கு எடுத்துக்காட்டியது எவ்விடம்? சென்னைச் சர்வகலாசாலை. ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-ம் வருஷங்களில் அதை நிலைநாட்டினர். மாதிரி கொடுத்து உதவியது 1948-ல் தோன்றிய சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். பின்னர் 1963-ல், புரதங்கள் எவ்வெக் கோணங்களில் மடங்கலாகும், எவ்வெக் கோணங்களில் ஆகாது என்பதை, இன்றுள்ள கணிப்பொறி வசதிகள் இல்லாமலே, ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் இளம் சகாக்களுடன் கணக்கிட்டு அவர் வெளியிட்டார். உலகத்துப் பாடநூல்கள் அதை இன்றும் ராமச்சந்திரன் பெயராலேயே வழங்குகின்றன.

குரோமியம் கொலாஜனில் எவ்விடத்தில் எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது, அதன் இடத்தில் தீங்கற்ற வேறொன்றை வைக்கலாமா, கெட்ட நீரிலிருந்து குரோமியத்தை எப்பொருள் உறிஞ்சியெடுக்கும் என்பவை இன்று கணிப்பொறியில் ஆராயத்தக்க கேள்விகள். கணக்கு மட்டும் ஒரு கிணற்றையும் சுத்தமாக்கிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் பரிசோதிக்கவேண்டிய நூறு வழிகளில் பயன் தரத்தக்க பத்து எவையென்று முன்கூட்டிக் காட்டி, காலத்தையும் பணத்தையும் அது மிச்சப்படுத்தும். அந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளையைவிட இக்கேள்வியில் சிரத்தையுள்ளவர் வேறு யார் கிடைப்பார்?

நிற்க. இவ்வளவு வசதியிருந்தும் அப்பிள்ளை ஏன் உள்ளே நுழைவதில்லை? முதற்காரணம் பணம். சென்னையிலோ பெங்களூரிலோ இரண்டு மாதம் தங்கி வேலை பழக, இடவாடகையும் சாப்பாடும் ரயில் சார்ஜும் வேண்டும். மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டமும், பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தின் கோடைத் திட்டமும் மாணவர்க்கு உதவிப் பணம் கொடுத்து அழைக்கின்றன. அவற்றைப் போற்றுகிறோம். ஆனால் விண்ணப்பிப்போரில் சிறு பகுதியினருக்கே அங்கு இடமுண்டு. மற்றப் பல இடங்களில் உதவிப் பணம் என்ற பேச்சே கிடையாது. இதற்கும் கீழான வழக்கம் ஒன்று பரவி வருகிறது. மாணவனிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, சில நாள் ஏதோ படம் காட்டி, முத்திரையிட்ட அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் கொடுத்தனுப்பும் வியாபாரம் அது. பாடத்திட்டத்தில் பயிற்சி கட்டாயமென்று எழுதிவிட்டு, அதற்கு நல்ல இடம் தேடிக்கொடுக்கும் பொறுப்பை ஒருவரும் ஏற்காததன் விளைவு இது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, கடைசல் யந்திரத்தில் வேலை பழகும் பையனுக்கு முதலாளி மாதந்தோறும் உதவித் தொகை கொடுத்தாகவேண்டும். அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து வெட்டி வேலை வாங்குவதைத் தடுக்கிறது. மாணவன் விரும்பி ஏற்கும் ஆராய்ச்சிப் பயிற்சி இவ்விரண்டிலும் அடங்காதென்று எதிர்க்கட்சி வக்கீல் வாதிக்கலாம். சட்டப்படி அவ்வாதம் நிற்கக்கூடும், நியாயப்படி நிற்காது. ஜூனியர்களிடம் வெறுங்கையாக வேலை வாங்குவதில் பேர்போன நமது வக்கீல் தொழிலிலேயே, நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப் பகுதிகளில் 15,000 ரூபாயும் கொடுக்கும்படி இந்திய வக்கீல்கள் கவுன்ஸில் 2024 அக்டோபரில் சிபார்சு செய்திருக்கிறது. சிபார்சு சிபார்சாகவே நின்றுவிடலாம். எனினும் நியாயம் எப்பக்கம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. விஞ்ஞான நிலையங்கள் வக்கீல்களுக்கும் பின்தங்கி நிற்பது அழகா?

"கல்வி ஒரு தவம், தவம் செய்வோன் கூலி கேட்கலாமா?" என்போரும் உளர். ராமானுஜனைவிடப் பெரிய தவசி யார்? 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவருக்கு, 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. வயிற்றுக் கவலை தீர்ந்தது, கணிதம் வளர்ந்தது. கே.எஸ். கிருஷ்ணன் நமக்கு இன்னும் அருகிலுள்ளவர். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கலாசாலையில் படித்த அவர், 1923-ல் கல்கத்தாவில் ராமனிடம் ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்த வேலையில் உடனிருந்தார். படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்றார். 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டரானார். அவர் போய்ச் சேர்ந்த கல்கத்தா விஞ்ஞான சங்கத்தை 1876-ல் நிறுவியது அந்நிய சர்க்கார் அன்று. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர், செல்வர்களிடம் நன்கொடை திரட்டி நிறுவினார். பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் பௌதிகம் தெரிந்திருக்கும்?

பயிற்சி முடிந்தபின் உள்ள நிலைமையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். டாக்டர் பட்டத்துக்கு ஆராயும் இளைஞருக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த சம்பளம் 2023 ஜனவரி முதல், தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். இந்த உயர்வுகள் தாமாக வந்தவையல்ல. 25,000 ரூபாய் 31,000-ஆன 2019-ம் வருஷத்து உயர்வுக்கு, தேசமெங்கும் ஆராய்ச்சி மாணவர் வீதியில் நின்று குரலெழுப்ப வேண்டியிருந்தது. தொகை உயர்ந்தும், அது மாதந்தோறும் கைக்கு வருவதில்லை, பல மாதங்கள் தேங்கி நிற்கிறது என்ற முறையீடு ஓயவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் பொறுப்பான். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை ஆறாவது மாதம் ஆராய்ச்சியை விட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். தேசத்தின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்கு 2020-21-ம் வருஷக் கணக்குப்படி 0.64 சதவிகிதம். அச்சிறு தொகையும் காலத்தில் போய்ச் சேராவிட்டால் பயன் என்ன?

பணம் மட்டும் போதாது. பயிற்சியும் பயிற்சியாக இருக்கவேண்டும். பொத்தானை அழுத்தி வண்ணப் படம் வரைவது ஆராய்ச்சியன்று. உதாரணமாகச் சிலிக்கானை எடுத்துக்கொள்வோம். அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளியை மாணவன் சாதாரணக் கணிப்பொறியிலேயே கணக்கிட்டு, பரிசோதனையில் கண்ட அளவுக்கு மிகவும் நெருங்கிவிடலாம். ஆனால் அதே முறையில் அதன் மின்கடத்து இடைவெளியைக் கணக்கிட்டால், உண்மையளவில் ஏறக்குறையப் பாதியே வரும். முதல் கணக்கு ஏன் பொருந்தியது, இரண்டாவது ஏன் பிழைத்தது? இதை விசாரித்து அறிந்தவன் விஞ்ஞானத்தின் வாசற்படியில் கால் வைத்தவன். யந்திரம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தவன் குமாஸ்தாவே. முதல் இரண்டு மாதத்தில் இவ்வளவு கற்பித்தால் போதும். அத்தாட்சிப் பத்திரம் தேவையேயில்லை.

ஆதலால் நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, சர்க்கார் பணத்தில் நடக்கும் எந்த ஆராய்ச்சி நிலையமும் உதவிப் பணமின்றி மாணவரைப் பயிற்சிக்கு எடுக்கலாகாது. மாணவரிடம் கட்டணம் வாங்குவது அறவே நிற்கவேண்டும். இரண்டாவது, தேர்வு பகிரங்கமாக நடக்கவேண்டும். அறிவிப்பு தமிழிலும் வெளிவந்து ஜில்லாக் கலாசாலைகளின் சுவர்களில் ஒட்டப்படவேண்டும். பேராசிரியர்களைத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே செய்தி எட்டும் நிலை ஒழியவேண்டும். மூன்றாவது, 'பரம் பொருள்' யந்திரத்தின் நேரத்தில் ஒரு பங்கு அண்டை ஜில்லாக்களின் மாணவருக்கென்று ஒதுக்கப்படவேண்டும். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம், கொடைக்கானல் அன்னை தெரேசா மகளிர் பல்கலைக்கழகம், நகரிலும் சுற்றிலுமுள்ள பொறியியல், கலைக் கலாசாலைகள் ஆகியவற்றின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேளாமல் கிடைக்கும் என்று காத்திருப்பது வீண். ஒருவர் கணிதத்திலும், ஒருவர் ரஸாயனத்திலும், ஒருவர் நிரலெழுதுவதிலும் வல்லவராக இருப்பர். மூவரும் சேர்ந்தால் ஒரு பயிற்சிப் பள்ளி ஆயிற்று. நான்காவது, ஆராய்ச்சிச் சம்பளம் மாத முதல் வாரத்தில் கைக்கு வந்துசேரவேண்டும்.

நகரத்துத் தோல் வர்த்தகர்களுக்கும் பஞ்சாலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வருஷத்துக்குப் பத்து மாணவரின் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவும் ரயில் செலவும் உங்கள் கணக்கில் ஒரு மூலைக்குக் காணாது. சர்க்கார் செய்யட்டும் என்று இராமல் கல்கத்தாவில் அன்று ஒரு வைத்தியர் முன்வந்ததுபோல், இங்கும் ஒருவர் முன்வரவேண்டும்.

மாணவர்களுக்கும் சொல்லுகிறோம். இடம் கிடைக்கவில்லையென்று மனம் தளராதீர்கள். கணிதத்தை விடாதீர்கள். விலையின்றிக் கிடைக்கும் நிரல்களை இன்றே எடுத்துச் சிலிக்கானிலிருந்து தொடங்குங்கள். செய்த கணக்கையும் அதில் கண்ட பிழையையும் ஒளிக்காமல் எழுதிவைத்து, அக்குறிப்புடன் விண்ணப்பம் செய்யுங்கள். யோக்கியமான அறிஞர் எவரும் சிபார்சுக் கடிதத்தைவிட அக்குறிப்பையே மதிப்பார். பணமில்லாத காரணத்தால் அப்படிப்பட்ட ஒரு விண்ணப்பம் திருப்பியனுப்பப்படுமானால், நஷ்டம் அந்த மாணவனுடையது மட்டுமன்று. அது தேசத்தின் நஷ்டம்.