சமாதி யாரோடது அண்ணாச்சி?

புஷ்ய பகுள பஞ்சமி வந்தா போதும், டிவியைப் போட்டா திருவையாறுதான். காவிரிக்கரைப் பந்தல், வரிசையா வித்வான்கள், பஞ்சரத்ன கீர்த்தனை. நல்லாத்தான் இருக்கு, வாசுதேவநல்லூர்ல உக்காந்து நானும் வருஷா வருஷம் பாக்கேன். ஆனா பின்னாடியே ஒரு கோஷ்டி கிளம்பும் பாருங்க, "இது தொன்றுதொட்டு வர்ற மரபு, இதுல யாரும் கை வைக்கப்படாது"ன்னு. அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எந்தத் தொன்று? எப்போ தொட்டது?

தியாகராஜர் இறந்தது 1847 ஜனவரி 6. கடைசியில சந்நியாசம் வாங்கிக்கிட்டதால எரிக்காம ஆத்தங்கரையில சமாதி வச்சாங்க. மேல ஒரு சின்ன பிருந்தாவனம், அம்புட்டுதான். சிஷ்யர்கள் ஊர் ஊராப் பிரிஞ்சு போய் அவங்கவங்க இடத்துல திதி குடுத்தாங்க. சமாதி கவனிப்பாரில்லாமப் போச்சு. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து சரி பண்ணினாங்க. அப்புறம் ஆராதனை விழா. விழா வந்தா சண்டை வரணும்ல? பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சாங்க. ரெண்டு கட்சியிலயும் பெரிய பெரிய வித்வான்கள். ஆனா சமாதிக்கு மேல கூரை போட ஒருத்தரும் காணோம்.

போட்டது பெங்களூர் நாகரத்தினம்மா. தேவதாசி குலத்துல பிறந்தவங்க. முத்துப்பழனியோட 'ராதிகா சாந்த்வனம்' நூலை 1910ல் முழுசாப் பதிப்பிச்சு வெள்ளைக்காரன்கிட்ட தடை வாங்கினவங்க, லேசுப்பட்ட ஆள் இல்ல. சமாதி கிடக்கிற கிடையைக் கேள்விப்பட்டு, கச்சேரி பண்ணிச் சம்பாதிச்ச காசைக் கொண்டுவந்து கொட்டினாங்க. 1921ல் அடிக்கல், 1925 ஜனவரியில கும்பாபிஷேகம். பிருந்தாவனத்துக்கு முன்னாடி தியாகராஜர் சிலையும் வச்சாச்சு. இன்னைக்கு நாம டிவியில கும்பிடுற கோயில் அதுதான்.

சரி, கட்டினவங்களைக் கூப்பிட்டு முதல் பாட்டு பாடச் சொன்னாங்களா? பாடவே கூடாதுன்னாங்க. பொம்பளை, அதுவும் தேவதாசி! காசு மட்டும் தீட்டுப்படல போல. அந்தம்மா அழுதுக்கிட்டு ஊருக்குப் போகல. 1927ல் பெண்களைச் சேர்த்துக்கிட்டு சமாதிக்குப் பின்பக்கமா தனியா ஆராதனை நடத்தினாங்க. மூணாவது கட்சி. 1940-41ல் மூணும் ஒண்ணாச் சேர்ந்த பிறகுதான் பெண்களும் பாட வழி பிறந்தது. இன்னைக்கு எல்லாரும் கூடி உக்காந்து பஞ்சரத்னம் பாடுறாங்களே, அந்த ஏற்பாடும் அந்தச் சமாதானத்தை ஒட்டி வந்ததுதான். உங்க "தொன்றுதொட்டு"க்கு நூறு வயசு கூட ஆகல சாமி.

"சந்நியாசி சமாதியைக் கோயிலாக்கினதே தப்பு"ன்னு ஒரு நண்பர் சொன்னார். எனக்கும் மனுசனைச் சாமியாக்குறதுல பெரிய இஷ்டம் கிடையாது. ஆனா ரசிகன் கை சும்மா இருக்காதுய்யா. பாரிஸ்ல ஜிம் மாரிசன் கல்லறையில ரசிகர்கள் சுத்தியிருந்த கல்லறை வரைக்கும் கிறுக்கித் தள்ளினாங்க. 1981ல் வச்ச மார்பளவுச் சிலையை 1988ல் எவனோ தூக்கிட்டுப் போயி, 2025லதான் அகப்பட்டது. அங்க கிறுக்கல், இங்க கும்பாபிஷேகம். எல்லாம் ஆசைதான். ஆனா ஒரு ரசிகர் கூட்டம் இன்னொரு ரசிகையைப் பாத்து "நீ தள்ளி நில்லு"ன்னு சொல்லுது பாருங்க, அதை நான் ஆசைன்னு ஒத்துக்க மாட்டேன்.

நம்ம பக்கத்துக்கு வாங்க. சங்கரன்கோவில், கோவில்பட்டி தாண்டினா எட்டயபுரம். 1835ல் தீபாவளி அன்னைக்கு இறந்த முத்துசுவாமி தீட்சிதர் சமாதி அங்கதான் இருக்கு. எட்டயபுரம்னா பாரதி மணிமண்டபம்னு சொல்ற ஆயிரம் பேர்ல தீட்சிதரைச் சொல்றவன் எத்தனை பேரு? பாட்டுல அவரு என்ன குறைச்சல்? அவருக்கு ஒரு நாகரத்தினம்மா வாய்க்கல, அம்புட்டுதான். அப்படியாப்பட்ட அம்மாவைத்தான் பின்பக்கம் உக்கார வச்சிருக்காங்க!

அந்தம்மா தன் சொத்தையும் சமாதிக்கே எழுதி வச்சாங்க. உயில்லயும் மறக்காம, தேவதாசிகள் உட்பட எல்லாப் பெண்களுக்கும் அங்க வழிபடுற உரிமை வேணும்னு போட்டுட்டுத்தான் 1952ல் கண்ணை மூடினாங்க. அவங்க சமாதியும் அங்கயே, தியாகராஜரைப் பாத்த மாதிரி சிலையோட இருக்கு. மரபு மரபுன்னு பேசுறவங்க அடுத்த பஞ்சமிக்கு, நேர்முக வர்ணனையில அந்தப் பேரை ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. அப்படியே கேமராவையும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க.