மரத்தடி மண்ணை விட்டுவையுங்கள்



வீட்டைச் சுற்றி மண்ணே தெரியாமல் தளம் போடுவதைக் கண்டித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். தளத்துக்காக முன்பு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நாள் முழுக்க வெட்டிய இடத்தை இன்று மினி ஜேசிபி சற்று நேரத்தில் வழித்துவிடுகிறது. வேகம் நல்லதுதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஓட்டுபவருக்குச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேவர் பிளாக் பதிக்க மண் எடுத்தபோது, வேப்பமரத்தின் பக்கவேர்களை ஜேசிபியின் பக்கெட் அறுத்தெறிந்தது. நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள இரண்டடி மண்ணில்தான் இருக்கிறது. அடுத்த ஆடிக் காற்றில் மரம் சாய்ந்தது. மழைநீர் உறிஞ்சுகுழியும் கல்லுக்கு அடியில் மறைந்துவிட, அந்த வீட்டுத் தண்ணீர் முழுவதும் இப்போது தெருவில் நிற்கிறது. தமிழகத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் பதிக்கலாம். அடியில் கான்கிரீட் ஊற்றாமல் ஜல்லியும் மணலும் பரப்பினால் இடுக்கு வழியே நீர் இறங்கும். மரத்தடியில் இயந்திரம் வேண்டாம், கையால் வெட்டட்டும். உறிஞ்சுகுழிகள் திறந்திருக்கின்றனவா என்று உள்ளாட்சி ஊழியர்கள் புரட்டாசியிலேயே வீடுவீடாகப் பார்க்க வேண்டும்.

– ஒரு வாசகர், சென்னை