தண்ணீர் தெரியும், தரை தெரியாது

மாரி பிறந்ததும் இறக்காமத்துக் குளக்கட்டில் நின்று பேசுவோரிடம் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்கலாம்: "இந்தத் தண்ணி எங்களுக்குப் புதுசா?" தண்ணீர் புதிதல்ல என்பது உண்மைதான். ஆயினும் இந்த அலட்சியம் நமக்கு எத்தனை உயிர்களை விலையாகக் கேட்டிருக்கிறது!

2024 நவம்பர் 26ஆம் திகதி நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம், காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. சிறுவர்களின் ஜனாஸாக்களைச் சுமந்த ஊர்கள் அன்று அழுதன. அழுகை ஓய்ந்ததும், "இறைநாட்டம்" என்றோம். மூன்றாண்டுகளுக்கு முன்னர், 2021 நவம்பர் 23இல், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளுடன் படகுப் பாதை கவிழ்ந்தபோதும் இதையேதான் சொன்னோம்.

இறைநாட்டத்தை நான் மறுக்கவில்லை. மனிதனின் கவனயீனத்தை அதன் பின்னால் ஒளித்து வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

உழவு இயந்திரத்தின் சக்கரம் பெரிது, ஆகவே அது வெள்ளத்தை வெல்லும் என்பது வெறும் நம்பிக்கை. ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டடி உயர்ந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். பின்னால் பூட்டிய பெட்டியோ பக்கவாட்டு நீரோட்டத்துக்கு அகன்ற சுவராக நிற்கிறது. அது சரிந்தால் முன்னிருக்கும் இயந்திரமும் தப்பாது. கலங்கிய நீருக்கடியில் வீதியின் ஓரம் அரித்துப் போயிருப்பதையோ, மதகு உடைந்திருப்பதையோ எந்தச் சாரதியின் கண்ணும் காணாது.

கனடாவில் உறைந்த ஏரியின் மேல் பனி ஊர்தி ஓட்டப் போகிறவர்களுக்கு, முதலில் துளையிட்டுப் பனிக்கட்டியின் தடிப்பை அளந்து பார்க்கும்படி அறிவுறுத்துகிறார்கள். நேற்று தாங்கியது இன்றும் தாங்கும் என்று அங்கே நம்புவதில்லை. அவர்களை ஏமாற்றுவது வெண்மை. நம்மை ஏமாற்றுவது கலங்கல். மேற்பரப்பை நம்பாதே என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

தாழ்ந்த வீதிகளிலும் சப்பாத்துப் பாலங்களிலும் நீரளவு காட்டும் தூண்களை நட எத்தனை கோடி வேண்டும்? நீர் வீதியை மேவியவுடன் இருபுறமும் தடை போட்டு, அங்கே ஒரு காவலரை நிறுத்த எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? வெள்ளம் வந்த பின்னர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது விடுமுறை அல்ல, விபரீதம். ஒன்றில் முன்னரே அனுப்புங்கள். இல்லையேல் தண்ணீர் வடியும்வரை உங்களிடமே வைத்திருங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது கலா ஓயா வெள்ளத்தில் ஒரு பேருந்தே சிக்கியது. பயணிகளைக் கடற்படை மீட்டது. எல்லா வெள்ளத்துக்கும் கடற்படை வந்து சேராது. அடுத்த மாரியில், தண்ணீருக்குள் இறங்கப் போகும் சாரதியிடம், "நிறுத்து, நான் இறங்குகிறேன்" என்று சொல்லும் ஒரு பயணியாவது நம்மிடையே இருக்கட்டும்.