மருந்தல்ல, விஷம்!

பெரட்டு முடிந்து முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் மாதர்களைக் கேட்டால், "மருந்தடிக்கப் போறோம்" என்பார்கள். காய்ச்சலுக்கு டிரசர் கொடுப்பதும் மருந்து. களையைக் கருக்குவதும் மருந்து! பீப்பாயின் மேல் மலாய்மொழி 'ராச்சுன்' என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ராச்சுன் என்றால் விஷம். சுவா தொடங்கி கெமாஸ் வரை நம் வாயில்தான் அது மருந்தாகிவிட்டது.

"எப்படிச் சொன்னா என்னா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதுதான் நம் பதில்.

பேராகுவாட் என்னும் களைக்கொல்லியையே எடுத்துக்கொள்வோம். கிரமாக்சோன் என்ற பெயரில் நம்மவர் அறிந்தது. மருந்தடிக்கும் பெண்களின் துன்பங்களை தெனாகனித்தா அமைப்பு 2002-ஆம் ஆண்டு அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. பிறகு 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. ஒரு விஷத்தை விரட்ட 18 ஆண்டுகள்! அது போனதால் ஆபத்தே போய்விட்டதென்று நாம் இருந்துவிடலாமா? பெயர் மாறி வேறு விஷங்கள் பம்பில் ஏறுகின்றன.

செம்பனையில் பைப்புழுவைக் கொல்லத் தண்டில் துளையிட்டு ஏற்றப்பட்ட மெத்தமிடோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் ஆகியவை வேறு இனம். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவையும் அதே இனந்தான். நம் நரம்புகளில் கோலினெஸ்டரேஸ் என்றொரு நொதி உண்டு. நரம்பு கொடுத்த கட்டளை முடிந்ததும் அதை அடக்குவது அதன் வேலை. இவ்விஷங்கள் அந்த நொதியை முடக்கிவிடும். எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகும், சதை துடிக்கும், மூச்சு முட்டும். ஆனால் இதற்கு முறிவு உண்டு. அட்ரோபின் ஊசி அந்த அறிகுறிகளை அடக்கும். பிராலிடாக்சிம் நொதியை மீட்க உதவும்.

பேராகுவாட்டுக்கோ முறிவே இல்லை. அது நுரையீரலைக் கெடுக்கும். மூச்சு முட்டுகிறதே என்று அவசரப்பட்டுப் பிராணவாயு கொடுத்தால் கேடு கூடவும் செய்யும். ஒரு விஷத்துக்கு உதவுவது மற்றொன்றுக்கு ஊறு. ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன குடித்தார்? எது மேலே பட்டது?" என்று கேட்கும்போது, "ஏதோ மருந்துங்க" என்றால் அவர் என்ன செய்வார்?

ஆகவே விஷம் பட்டவரின் உடுப்பை உடனே கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பீப்பாய் லேபிளில் 'பெராவிஸ் அக்திப்' என்ற இடத்தில்தான் விஷத்தின் உண்மைப் பெயர் இருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பெயர் தெரிந்தால், பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய விஷ மையத்திடமும் டாக்டர்கள் ஆலோசனை கேட்கலாம்.

வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிய தகவலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பம்பைத் தோளில் ஏற்றுமுன், "மண்டோரே, இன்னைக்கு என்னா விஷம்? பேரு என்னா?" என்று கேளுங்கள். கேட்பது அடக்கமின்மை ஆகாது. நம் உரிமை அது, பாட்டாளிகளே!