பழைய பாலம் யாருடையது?

பவானியிலிருந்து குமாரபாளையத்துக்குப் பழைய பாலத்தில் நடந்து போனால் காவிரி ஆற்றின் நடுவிலேயே மாவட்டம் மாறிவிடும். ஈரோடு முடிந்து நாமக்கல் தொடங்கும். நடக்கிற காலுக்கு அது தெரியாது.

வெள்ளைக்காரர் காலத்தில் இது கோவை ஜில்லாவையும் சேலம் ஜில்லாவையும் சேர்த்த பாலம். 1979-ல் ஈரோடும் 1997-ல் நாமக்கல்லும் தனித்தனியே பிரிந்தன. ஆனாலும் பவானிக் கூடுதுறையில் திதி கொடுக்க அக்கரையிலிருந்து வருகிறார்கள். இந்தப் பக்கம் ஜமக்காளத் தறி, அந்தப் பக்கம் லுங்கித் தறி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆற்றைத் தாண்டித்தான்.

மேட்டூரில் 16 கண் மதகைத் திறந்துவிட்டால் வெள்ளம் பார்க்க இரண்டு ஊரும் கரைக்கு வந்துவிடும். 2018-லும் 2022-லும், தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். இரண்டு கரையிலும்தான். ஆனால் தண்ணீர் வடிந்ததும் பேச்சு மாறிவிடுகிறது. சாயத் தண்ணீர் அவர்கள் விடுவது, குப்பை இவர்கள் கொட்டுவது. பாலத்தில் வண்டியை நிறுத்திப் பூஜைக் கழிவு மூட்டையை ஆற்றில் வீசுகிறவர் எந்த மாவட்டத்துக்காரர் என்று யார் கேட்பது?

ஜெர்மனிக்கும் போலந்துக்கும் நடுவே நைசே என்றொரு ஆறு ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பியூக்லர் என்ற பிரபு அதன் இரு கரையிலும் முஸ்காவ் பூங்காவை அமைத்தார். 1945-ல் பாலங்கள் தகர்ந்தன. எல்லைக்கோடு ஆற்றோடு போய், பூங்கா இரண்டு துண்டானது. அங்கிருந்த இரட்டைப் பாலத்தை 2003-ல் மறுபடி கட்டினார்கள். அடுத்த ஆண்டே யுனெஸ்கோ அந்தப் பூங்காவை இரு நாட்டின் பொதுச் சொத்தாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சண்டை போட்ட தேசங்கள் அவை. நமக்கு நடுவே இருப்பது இரண்டு கலெக்டர் ஆபீஸ் மட்டுமே.

இரண்டு நகராட்சிகளும் பாலத்துக்கும் அதை ஒட்டிய கரைகளுக்கும் ஒரே குழுவை அமைக்கலாம். தறிக்காரர், சாயப்பட்டறைக்காரர், படித்துறைப் புரோகிதர், பரிசல்காரர் எல்லோரும் அதில் இருக்கட்டும். பாலத்தில் விரிசலோ முளைத்த செடியோ கண்ணில் பட்டால் சொல்ல ஒரே போன் நம்பர் போதும். சாயக் கழிவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உயரும். உயரட்டும், ஒரே அறைக்குள் உயரட்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்கு இரு கரையிலும் முளைப்பாரி விட்டு, காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு சாக்கோடு அவரவர் முனையிலிருந்து கரையைக் கூட்டத் தொடங்கலாம். முடித்துவிட்டு நடுப்பாலத்தில் சேர்ந்து டீ குடிக்கலாம்.