வாளிப்பான குட்டி நோயற்ற குட்டியா?

“குட்டி வாளிப்பாக நிக்குது, பிறகேன் சோதனை?” நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் கதலிக்கும் இதரைக்கும் வாழைக்குட்டி வாங்குவோர் பலரின் வாதம் இது. வைரசால் வரும் வாழையின் முடிக்கொத்து நோய்க்கு முன்னால் இந்த வாதம் நிற்காது.

‘நோய் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.’ தெரியும், ஆனால் பிந்தி. இலை நரம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் விழுவது, புது இலைகள் ஒடுங்கி உச்சியில் கொத்தாவது எல்லாம் வைரசு புகுந்து சில வாரங்களோ இரண்டு மூன்று மாதங்களோ கழிந்த பிறகுதான். அதற்குள் தாயின் கிழங்கு வழியே குட்டிக்கும் அது இறங்கிவிடலாம். அந்த இடைவெளியில் கிண்டிய குட்டி வாளிப்பாகத்தான் இருக்கும்.

‘மருந்தடித்தால் மாறும்.’ மருந்து சாகடிப்பது நோயைக் காவும் அழுக்கணவன் பூச்சியை மட்டுமே. மரத்துக்குள் போன வைரசுக்கு மருந்தில்லை. அழுக்கணவனைக் கொன்றுவிட்டு மரத்தைக் கிழங்கோடு அழிப்பதே வழி.

‘இழைய வளர்ப்புக் கன்றுக்குப் பயமில்லை.’ ஆய்வுகூடப் போத்தலில் வளர்ப்பது, மண்ணில் வரும் வட்டப்புழுவை விலக்கும். தாய்க்குள் ஒளிந்த வைரசை விலக்கும் என்ற உறுதி இல்லை. சோதிக்காத தாயிலிருந்து நூறு கன்று பெருக்கினால் நோயும் கூடவே பெருகலாம்.

‘அவுஸ்திரேலியா ஆய்வுகூடச் சோதனையின்றித்தானே மீண்டது?’ இதுதான் வலுவான கேள்வி. 1920களில் நியூ சவுத் வேல்ஸின் வடக்கில் வாழைச்செய்கையை இந்நோய் கிட்டத்தட்டத் துடைத்தழித்தது. அழுக்கணவனே அதைக் காவுகிறது என்று மகீ என்ற ஆய்வாளர் நிறுவினார். தோட்டக் கண்காணிப்பால் செய்கை மீண்டது. ஆனால் அங்கே சட்டம் இருந்தது. பரிசோதகர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். குட்டி நடவும் கட்டுப்பாடு இருந்தது. இலங்கையில் 1913இலேயே பதிவான நோய் இது. இருந்தும் இங்கே உறவுக்கும் அயலுக்கும் குட்டி கைமாறுவதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

‘செலவு கட்டாது.’ குட்டி ஒவ்வொன்றையும் சோதிக்கத் தேவையில்லை. குட்டி விற்போர் தம் தாய் வாழைகளை ஆய்வுகூடத்தில் எலைசா அல்லது பிசிஆர் முறையில் சோதிப்பித்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கும். ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் அது முடிந்த முடிவல்ல. நோய் புகுமுன் விரிந்த பழைய இலையில் வைரசு அகப்படாது. இளம் இலையை எடுத்து, சில வாரம் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஆகவே குட்டியின் உயரத்தைப் பார்த்து விலை பேசுமுன், தாய் வாழை எப்போது, எந்த இலையில் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதை மற்ற வாழைகளுக்கு எட்டத் தனியே நட்டு, அழுக்கணவன் அடையாமல் காத்து, மூன்று மாதமாவது கவனியுங்கள்.