ரத்தக்குழாயிலும் ‘துரு’ப் பிடிக்கும்!

காரைக்குடிக்காரர்களுக்கு ‘சிக்ரி’யைத் தெரியாமல் இருக்காது. வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் உருவாகி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். இரும்பு துருப்பிடிப்பதை எப்படித் தடுப்பது என்பது அங்கே நடக்கும் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. துருப்பிடிப்பது என்பது ஆக்ஸிஜன் செய்கிற வேலை. அதே மாதிரியான ஒரு வேலை நம் ரத்தக்குழாய்க்குள்ளும் நடக்கிறது.

எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ரத்தத்தில் அதிகமானால், குழாயின் உள்சுவருக்குள் புகுந்து தங்கும். அங்கே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து கெட்டுப்போகும். அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளை அணுக்கள், விழுங்கி விழுங்கி வீங்கி, அங்கேயே தங்கிவிடும். இப்படிச் சேர்ந்த படிவு ஒருநாள் வெடித்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். இதயத்துக்குப் போகும் குழாய் என்றால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் என்றால் பக்கவாதம். புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் இதை வேகப்படுத்தும்.

‘அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் போதுமே’ என்று கேட்கலாம். போதாது. பிரிட்டனில் மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள 20,536 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மாத்திரைகளால் பலன் இல்லை. எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தது. இரும்பே குறைந்தால் துருவுக்கு என்ன வேலை? டாக்டர் ஸ்டாட்டின் எழுதித் தந்திருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுப்படியிலும் கவனம் தேவை. தேன்குழலும் அதிரசமும் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால், அந்த எண்ணெயே ஆக்ஸிஜனால் கெட்டுப்போகும். கெட்டுப்போனதன் அடையாளமான ‘போலார்’ பொருட்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாதுதான். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

எல்.டி.எல். ஏறுவது வலியாகத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பெற்றோருக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகள் தள்ளிப்போடாமல் லிப்பிட் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

நெஞ்சு இறுகினாலோ, திடீரென வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ, ‘வாயுப்பிடிப்பு’, ‘அசதி’ என்று கஷாயம் வைத்துக் கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்!